பெரியம்மாவின் கட்டில் போன தூரம்

காலிதீன் மாமாவின் கந்தோரைவிட அதன் பெயர்ப்பலகை பெரியது. கல்முனைப் பெரிய வீதியால் பஸ்ஸில் போகிறவர்கள் அதை வாசிக்கத் தொடங்கினால், முடிப்பதற்குள் பஸ் சந்தையைத் தாண்டிவிடும். 'காலிதீன் வெளிநாட்டு வேலைவாய்ப்பு, பிரயாண ஒழுங்கு, ஆலோசனை மற்றும் சகலவித உதவி நிலையம்.'

உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரைகள், ஒரு சிவப்பு டெலிபோன். டெலிபோனுக்கு வயர் இல்லை.

"லைன் வந்துகொண்டிரிக்கி," என்பார் மாமா. அது பல வருடங்களாக வந்துகொண்டிருந்தது.

கந்தோருக்கு ஒரே ஒரு கதவுதான். ஆனாலும் மாமாவின் இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்துத் தொங்கும். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி போடுவார். அவர் நடந்து வந்தால் முதலில் சாவிச் சத்தம் வரும், பிறகு அத்தர் வாசம் வரும், கடைசியாகத்தான் மாமா வருவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாமா சொன்னதைச் செய்கிறவர். குவைத்துக்கும் ரியாத்துக்கும் வீட்டு வேலைக்குப் பெண்கள் போகத் தொடங்கியிருந்த காலம் அது. மாமா கை வைத்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடும்.

"எங்கட தெருவில எத்தின ஊட்டில பொம்புளயள் இல்லையெண்டு பாருங்க. எல்லாம் நான் அனுப்பின ஆக்கள்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

நதீராவின் உம்மாவும் அப்படித்தான் போனார். குவைத்தில் யாரோ ஒரு வயதான சீமாட்டிக்குத் தலைவாரி, மருந்து கொடுத்து, கைபிடித்து நடத்துவது அவருக்கு வேலை. வாப்பா மீராசாவுக்கு வயல் தூரத்தில். கிழமை முழுக்க வயல்வாடிக் குடிசையில் தங்கிவிட்டு, வியாழன் பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார்.

ஆகவே ஐந்தாம் வகுப்பு நதீராவை வளர்த்தது ஹாஜறா பெரியம்மா. அவர் உம்மாவின் மூத்த றாத்தா, அதாவது அக்கா. காலிதீன் மாமாவுக்கும் அவர்தான் மூத்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் எப்போதோ மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை.

பெரியம்மா மெலிந்த உடம்புக்காரி. ஆனால் குரலைக் கேட்டால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். முற்றத்தில் நின்று "நதீரா!" என்று கூப்பிட்டால் தென்னை மரத்துக் காகங்கள் எழும்பிப் போய் அடுத்த வளவில் உட்காரும்.

அந்தப் பெரியம்மா ஒருநாள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார்.

வேலியைத் தாண்டி முதலில் ஓடி வந்தது பக்கத்து வீட்டுப் பாத்தும்மா மாமி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தொடை வரை வெள்ளையாய்ப் பெரிய கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

"கால் நிலத்தில படக்கூடாது. ஒரே பக்கம் கிடந்தா முதுகு புண்ணாப் போகும். பக்கத்தில ஆள் இருந்து திருப்பிவிடணும்," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆள்! அந்தத் தெருவில் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

காலிதீன் மாமா சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு ஆளா? றாத்தா, கடலுக்கு அங்கால இரிக்கிற ஷேக்குமாருக்கே நான் ஆள் குடுக்கிறன். எங்கட றாத்தாவுக்கு ஒரு ஆள் எடுக்க ஏலாதா? நாளைக்குக் காலையில நிப்பாட்டுறன்!"

சொன்னபடியே நிறுத்தினார். வந்தவரின் பெயர் முனவ்வறா. பள்ளிவாசலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவர். அவர் பெரியம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் வைப்பது போல இருக்கும். தொழுகைக்கு முன் வுழூ செய்யச் சருவச்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தால் ஒரு துளி பாயில் சிந்தாது. பெரியம்மாவே குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் இரண்டு நாள் தடுமாறினார்.

பிறகு மாமா பார்வையிட வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முனவ்வறாவின் வேலையை உற்றுப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! இப்படி ஒரு ஆளைத்தான் குவைத்துல கேட்டுக்கொண்டிருக்காங்க. தங்கச்சி, உங்களுக்குப் பாஸ்போட் இரிக்கா?"

கொஞ்ச நாளில் முனவ்வறா பிளேன் ஏறிவிட்டார்.

அடுத்து றாஹிலா வந்தார். அவருடைய கறியில் உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. ஆனால் ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லிப் பெரியம்மாவைச் சிரிக்க வைத்தே சாப்பிட வைத்துவிடுவார். மாமா மறுபடியும் பார்வையிட வந்தார்.

"நல்ல கலகலப்பான ஆள்! ரியாத்துல ஒரு மனிசி பேசத் துணையில்லாம இரிக்கிறாவாம். தங்கச்சி, உங்களுக்குப் பாஸ்போட்..."

றாஹிலாவும் பிளேன் ஏறினார்.

பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ட கட்டில் இப்ப பெரிய பள்ளிக்கூடமாப் போச்சு. இதுல பாஸ் பண்ணினாத்தான் பிளேன்."

நதீராவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை. இப்போது வீட்டில் அவள் மட்டும்தான். பள்ளிக்கூடம் போகாமல் நின்றுகொண்டாள். சோறாக்க அவளுக்குத் தெரியும். தலை வாரிவிடவும் தெரியும். ஆனால் பெரியம்மாவைத் தூக்கி இருத்த அவளுக்குப் பலம் போதாது. ஒருமுறை முயற்சி செய்து இருவரும் கட்டிலில் இருந்து விழப் பார்த்தார்கள். பாத்தும்மா மாமி மட்டும் காலையும் மாலையும் வேலியால் வந்து, ஒரு நிமிடம் கைகொடுத்துவிட்டு ஓடிப் போவார்.

ஒருநாள் நதீரா பார்த்தாள். காலையில் வைத்த தண்ணீர்க் கோப்பை பின்னேரம் வரை அப்படியே இருந்தது.

"பெரியம்மா, தண்ணி குடிக்கலையா?"

"தாகமில்ல புள்ள."

நாக்கு வறண்டு போயிருந்தது. தண்ணீர் குடித்தால் எழும்ப வேண்டி வரும். எழும்ப வேண்டும் என்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் பெரியம்மா குடிக்கவில்லை.

அந்தக் கிழமை மாமா மூன்றாவது வழியைப் பிடித்தார். கையில் ஒரு பைலோடு பாத்தும்மா மாமியின் வேலிக் கடப்பில் போய் நின்றார்.

"பாத்தும்மா, ஒரு நல்ல வேலை இரிக்கி. மாதச் சம்பளம். மூணு நேரச் சாப்பாடு. பெருநாளுக்கு உடுப்பு. கொன்றாக்ட் ரெண்டு வருசம்."

"எங்க காக்கா? குவைத்திலயா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் மாமி.

"சே, சே! இந்தா, வேலிக்கு அங்கால. எங்கட றாத்தாவைப் பாக்கிறது."

பாத்தும்மா மாமியின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன கதை கதைக்கிறீங்க? எங்கட குடியில ஆராவது ஊருக்குள்ள கூலிக்குப் போனதைக் கண்டிருக்கீங்களா? ஹாஜறா றாத்தா கிணத்தடியில வுழுந்த நேரம் தூக்கினது ஆரு? நான்! அண்டைக்குச் சம்பளம் கேட்டனா?"

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் எல்லாருக்கும் ஒரு குடி, அதாவது வம்சம், உண்டு. அது உம்மா வழியாக வருவது. யாருடைய குடி பெரியது என்று கேட்டால், பதில் சொல்கிறவரின் குடிதான் பெரியது. அந்தப் பெருமையில் போய் மாமா சம்பளத்தை வைத்துவிட்டார்.

"அப்ப உங்கட தங்கச்சி ரியாத்துல செய்யிறது என்ன வேலையாம்?" என்று கேட்டார் மாமா.

"அது ரியாத்து! அங்க எங்கட குடியை ஆருக்குத் தெரியும்?"

மாமா பைலைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் வாப்பாவும் மாமாவும் கதவோரத்தில் நின்று குசுகுசுத்தார்கள். குசுகுசுப்பு மாமாவுக்குச் சரியாக வராது. எல்லாம் நதீராவுக்குக் கேட்டது.

"இன்னும் ஒரு கிழமை பாப்பம் மச்சான்," என்றார் மாமா. "ஆள் கிடைக்கலையெண்டா அடுத்த வெள்ளிக்கிழமை றாத்தாவை என்ட ஊட்டுக்குக் கொண்டு போறன். இந்த ஊட்டைப் பூட்டுவம். நதீரா உங்களோட வாடிக்கு வரட்டும்."

உள்ளே இருந்து குரல் வந்தது. காகங்கள் எழும்பின.

"உன்ட ஊடா? உனக்கு எங்கடா ஊடு?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்களுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார். காலிதீன் மாமாவும் அப்படிப் போனவர்தான். வெளியில் எவ்வளவு சத்தமாகக் கதைத்தாலும், அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொள்வார். அவருடைய மனைவிக்குச் சத்தம் பிடிக்காது.

"உன்ட பொஞ்சாதிட ஊடு எண்டு செல்லு," என்றார் பெரியம்மா. "தண்ணி கேக்கிறதுக்கு முதல் நான் அவட முகத்தைப் பாக்கணுமா? இது எங்கட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வளவு. நான் இங்கதான் கிடப்பன்."

"றாத்தா, ஆள் இல்லையே..."

பெரியம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய குரலுக்குப் பயப்படாத நதீராவுக்கு, அவர் பேசாமல் இருந்தது பயமாக இருந்தது.

அடுத்த நாள் வீட்டில் கறிவேப்பிலை இல்லை. நதீரா வேலியைத் தாண்டிப் பாத்தும்மா மாமியின் வளவுக்குப் போனாள். மாமி இன்னும் கோபமாக இருப்பாரோ என்று தயங்கித் தயங்கித்தான் போனாள்.

மாமிக்குக் கோபப்பட நேரமில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது, அச்சிமுகம்மது. பெயர்தான் பெரியது, ஆள் இப்போதுதான் ஓடப் பழகியவன். அவன் இடுப்பில் ஒரு பழைய சாறன் துணியைச் சுற்றி, மறுநுனியை முருங்கை மரத்தில் கட்டியிருந்தது. ஆட்டுக்குட்டி போல மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"என்ன மாமி இது?"

"கட்டாட்டி கிணத்துக்கு ஓடுறான் புள்ள! தங்கச்சி ரியாத்துக்குப் போகக்குள்ள மூணையும் என்னட்டத் தந்துட்டுப் போயிட்டாள். எனக்கு இரிக்கிறது ரெண்டு கை. உங்கட பெரியம்மாவை நான் பாக்க மாட்டனெண்டா செல்லுறன்? இதுகளை ஆருட்ட விட்டுட்டு வாறது?"

நதீரா கறிவேப்பிலையை மறந்துவிட்டாள்.

வேலிக்கு மேலால் எட்டி அடுத்த வளவைப் பார்த்தாள். அங்கே சுஹறா மாமி பன் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். குளத்தோரப் பன்னைக் காயவைத்து இழைக்கிற பாய் அது. அவர் ஒரு வரி இழைப்பார், அவருடைய றாத்தாவின் மகள் இரண்டு வரியைப் பிய்ப்பாள். அந்த றாத்தாவும் குவைத்தில்தான். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பாய் முடிய வழியில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் இருக்கிறார். ஒவ்வொரு ஆளும் ஒரு பிள்ளையோடு மாட்டிக்கொண்டிருக்கிறார். மாமா சொன்னது சரியில்லை. ஆள் இல்லாமல் இல்லை!

நதீரா யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பிப் பார்த்தால் அச்சிமுகம்மது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. சாறன் வால் போல மண்ணில் இழுபட, நேரே பெரியம்மாவின் அறைக்குள் ஓடினான். ஓடிப்போய் மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிடக் கையை ஓங்கினான்.

"அச்சிமுகம்மது!"

காகங்கள் எழும்பியிருக்கும். அச்சிமுகம்மது அப்படியே நின்றான். இந்த உலகத்தில் இவ்வளவு பெரிய குரல் ஒன்று இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பிறகு மெதுவாகக் கட்டிலடியில் குந்தி, பெரியம்மாவின் காலில் இருந்த வெள்ளைக் கட்டைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது என்ன?" என்று கேட்டான்.

"கால்."

"கால் இல்ல. சுவர்."

பெரியம்மா சிரித்தார். றாஹிலா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அச்சிமுகம்மது அந்தச் 'சுவரை'த் தட்டித் தட்டிப் பார்த்தான். பெரியம்மா பிஸ்கட்டுகளைக் காட்டி அவனை எண்ணச் சொன்னார். கிணற்றை அவன் நினைக்கவே இல்லை.

நதீரா திரும்பவும் வேலியைத் தாண்டி ஓடினாள். பாத்தும்மா மாமி முருங்கை மரத்தடியில் நின்று தலையில் கைவைத்திருந்தார்.

"அவன் எங்கட ஊட்டில இரிக்கான், மாமி. பெரியம்மா பாத்துக்கொண்டிருக்கா."

"ஆரு? கட்டில்ல கிடக்கிற மனிசியா?"

"ஓம். கட்டாம வச்சிருக்கா."

மாமி நம்பவில்லை. வந்து ஜன்னலால் பார்த்தார். அச்சிமுகம்மது சாறன் வாலோடு அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.

"மாமி," என்றாள் நதீரா. "பெரியம்மாவுக்கு எழும்பி ஓட ஏலா. ஆனா அவட குரல் ஓடும். நீங்க ஓடுவீங்க. ஆனா உங்கட கையில எல்லாம் புள்ளையள். காலையில இவங்களைக் கூட்டிக்கொண்டு எங்கட ஊட்டுக்கு வாங்களேன். அடுப்பும் இரிக்கி, விறாந்தையும் இரிக்கி. பெரியம்மா புள்ளையளைப் பாக்கட்டும். நீங்க பெரியம்மாவைப் பாருங்க."

மாமியின் கண் சுருங்கியது. "உங்கட மாமா செல்லி அனுப்பினாரா? சம்பளமா?"

நதீரா கொஞ்சம் யோசித்தாள்.

"ஆருக்கு ஆரு சம்பளம் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியா மாமி. நாங்க உங்களுக்குக் குடுக்கிறதா? புள்ளையளைப் பாக்கிறதுக்கு நீங்க பெரியம்மாவுக்குக் குடுக்கிறதா?"

மாமி அவளையே பார்த்தார். பிறகு இடுப்புப் பிள்ளை குலுங்கும்படி சிரித்தார்.

"உங்கட மாமாட கந்தோரில உன்னை இருத்தணும்!"

இப்போது பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும். நதீரா சொன்னாள். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ என்னைப் பாக்க ஆள் புடிக்கிறாய்."

"ஓம் பெரியம்மா. புள்ளையளைப் பாக்கவும்தான் ஆள் புடிக்கிறன்."

அச்சிமுகம்மது பெரியம்மாவின் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக் கொட்டாவி விட்டான்.

"சரி," என்றார் பெரியம்மா கடைசியில். "உள்ளுக்கு இரிக்கிற பெரிய பாயை எடுத்து விரி. பாத்தும்மாட்ட செல்லு, மூக்கு ஒழுகுற புள்ளைக்குத் துணியும் கொண்டு வரட்டும்."

அடுத்த நாள் காலை பாத்தும்மா மாமி மூன்று பிள்ளைகளோடும் ஒரு மீன் சட்டியோடும் வந்தார். பெரியம்மாவைத் தூக்கி இருத்தினார். தூக்கும்போது ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று ஒரே வீச்சு. வேலியைத் தாண்டிய ஓட்டத்தில் அவசரமாய்ச் செய்த வேலையை இப்போது ஆறுதலாகச் செய்தார். நதீரா வாயைப் பிளந்து பார்த்தாள். குவைத்தில் கூட இப்படித் தூக்கமாட்டார்கள்.

பத்து மணி போலச் சுஹறா மாமி எட்டிப் பார்த்தார். "இங்க என்ன பெருநாளா?" என்று கேட்டார். பதில் கேட்டதும் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பன் கட்டைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவருடைய பாய் அன்றைக்குத்தான் முழங்கை அளவு வளர்ந்தது.

எல்லாம் சீராக நடந்தது என்று சொல்லமுடியாது. ஒருநாள் பெரியம்மாவின் காலில் இருந்த வெள்ளைக் கட்டின் மேல் யாரோ அடுப்புக் கரியால் ஒரு மாடு கீறிவிட்டார்கள். மாட்டுக்குக் கால் ஐந்து. ஒருநாள் மீன் குழம்புக்குள் ஒரு செருப்பு இருந்தது. பெரியம்மாவின் குரல் நாள் முழுக்க ஓடியது. "அதைத் தொடாதே! இதை வாயில வைக்காதே! இஞ்ச வா!" காகங்கள் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன.

தண்ணீர்க் கோப்பை மட்டும் அடிக்கடி காலியானது. கத்திக் கத்திப் பெரியம்மாவுக்குத் தாகம். கேட்கவும் கூச்சமில்லை. "பாத்தும்மா, தண்ணி! பாத்தும்மா, என்னைக் கொஞ்சம் தூக்கு!" என்று அதிகாரமாகவே கேட்டார். பிள்ளை பார்க்கிற வேலைக்காரிக்கு அந்த உரிமை உண்டுதானே!

நதீரா மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

வியாழன் பின்னேரம் வாப்பா வந்தார். வாசலில் செருப்புகளைக் கண்டு, வீடு மாறி வந்துவிட்டேனோ என்று திரும்பப் பார்த்தார். நதீரா அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் போய் எல்லாவற்றையும் காட்டினாள். வாப்பா நிறையப் பேசுகிறவர் இல்லை. அவளுடைய தலையைத் தடவி, "நல்லது மகள்," என்று மட்டும் சொன்னார்.

"மாமாக்குச் செல்லி அனுப்பணுமே வாப்பா?"

"ஏன்?" என்றார் பெரியம்மா கட்டிலில் இருந்து. "அவனுக்குத்தான் டெலிபோன் இரிக்கே. போன் அடிச்சு விசாரிக்கட்டும்."

ஆகவே வெள்ளிக்கிழமை காலை காலிதீன் மாமா ஒன்றும் தெரியாமல் வந்தார். கட்டிலோடு பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு போக வாடகைக்கு ஒரு வேன். தூக்குவதற்கு இரண்டு தடியர்கள். கையில் பைல். வேனில் இருந்து இறங்கியதும், அக்கம்பக்கம் கேட்கும்படி, "மெதுவாத் தூக்கணும்! ஒரு நோயாளியை எப்படிக் கொண்டு போறதெண்டு எனக்குத் தெரியும்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்தார்.

வைத்த கால் ஒரு பொம்மை வண்டியில் பட்டது. தேங்காய்ச் சிரட்டையில் செய்த வண்டி. மாமா இரண்டடி சறுக்கிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்தது. அச்சிமுகம்மது அதை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு மாமாவை ஏறிட்டுப் பார்த்தான்.

மாமாவும் பார்த்தார். பாய் நிறையப் பிள்ளைகள். மூலையில் சுஹறா மாமியின் பாய். அடுப்படியில் மீன் வாசம். பாத்தும்மா மாமி அந்த நேரம்தான் பெரியம்மாவை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு முனகல் இல்லை, ஒரு சுளிப்பு இல்லை.

மாமாவின் கண்கள் அகன்றன. கையில் இருந்த பைல் தானாகத் திறந்தது.

"மாஷா அல்லாஹ்! பாத்தும்மா, இந்தக் கைக்கு ஜித்தாவில எவ்வளவு மதிப்பெண்டு தெரியுமா? உங்களுக்குப் பாஸ்போட்..."

"மாமா," என்றாள் நதீரா.

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தும்மா மாமி போனா, பெரியம்மா உங்கட ஊட்டுக்குத்தான் வரணும். பெரியம்மா வந்தா இந்தப் புள்ளையளும் அங்கதான் வரும். இவங்க பெரியம்மாவை விட்டு இருக்க மாட்டாங்க. உங்கட ஊட்டு மாமிக்குச் சத்தம் பரவாயில்லையா?"

மாமா பாயைப் பார்த்தார். ஒரு பிள்ளை கறிச்சட்டியைக் கவிழ்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று கரித்துண்டோடு, கீறுவதற்கு நல்ல வெள்ளைச் சுவர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. மாமாவின் மனைவி வீட்டுச் சுவர்கள் எல்லாம் வெள்ளை. போன பெருநாளுக்குத்தான் அடித்தது.

மாமா பைலை மூடினார்.

"நான் சும்மா கேட்டன்," என்றார்.

பாத்தும்மா மாமி இடுப்பில் கையை வைத்தார். "காக்கா, கேட்டதுக்குப் பதில் செல்லுறன். என்ட தங்கச்சி வரும் மட்டும் நான் இங்கதான். ஹாஜறா றாத்தாக்குக் கால் சுகமானாப் பிறகும் இங்கதான். அங்கால என்ட ஊட்டில ஆரோட சண்டை புடிக்கிறது?"

"நான் அவளோட சண்டையா புடிக்கிறன்?" என்றார் பெரியம்மா.

"பின்ன என்ன?"

"புத்தி செல்லுறன்."

வாசலில் நின்ற இரண்டு தடியர்களும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் தலையைச் சொறிந்தார். "ஹாஜியார், அப்ப நாங்க எதைத் தூக்கிறது? வேன்காரன் நிக்கான்."

மாமா வாயைத் திறந்தார். என்ன உத்தரவு போடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"தூக்கத்தானே வந்தீங்க?" என்றாள் நதீரா. "தூக்குங்க. இந்த அறையில இருந்து பெரியம்மாக்கு வாசல் முத்தம் தெரியிறல்ல. புள்ளையள் கிணத்துப் பக்கம் போனா அவக்குக் காண ஏலா. கட்டிலை விறாந்தையில வைங்க."

பெரியம்மா தலைத் துணியைச் சரிசெய்துகொண்டார். அதுதான் சம்மதம்.

தடியர்கள் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். வாப்பா கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். கட்டில் எழும்பியது. சும்மா நிற்க மனமில்லாத மாமா முன்னால் பின்னால் நடந்து, "இடதுபக்கம்! இடதுபக்கம்! இப்ப நேரே! இறக்குங்க... இறக்குங்க..." என்று கட்டளை போட்டார். பிள்ளைகள் எல்லாம் கட்டிலுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தார்கள். கட்டில் வாசற்படியைத் தாண்டி, விறாந்தைத் தூணுக்குப் பக்கத்தில் மெதுவாக இறங்கியது.

பெரியம்மா முற்றத்தைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். வேலிக் கடப்பையும் அதற்கு அப்பால் தெருவையும் பார்த்தார். நெடுநாள் கழித்து மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

"இப்ப சரி," என்றார்.

மாமா களைத்துப்போய் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். தானே எல்லாவற்றையும் செய்து முடித்த ஆள் போல முகத்தைத் துடைத்தார். அச்சிமுகம்மது கறுப்புக் கண்ணாடியோடு அவருடைய மடியில் ஏறினான். சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தான். பிறகு மாமாவின் நெஞ்சில் தலையைச் சாய்த்தான். சாய்த்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

மாமா எழும்பப் பார்த்தார்.

"எழும்பாதீங்க காக்கா!" என்று பாத்தும்மா மாமி பதறினார். "இவன் பகல்ல கண்ணை மூடினது இண்டைக்குத்தான்!"

"எனக்குக் கந்தோரில..."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் பெரியம்மா. "கந்தோர் பூட்டு. ஜும்மாக்கு இன்னும் நேரம் இரிக்கி. பேசாம இரி."

தெருவில் வேன்காரர் ஹோர்ன் அடித்தார். சுஹறா மாமி பாயை விட்டு எழும்பிப் போய், வாயில் விரல் வைத்து அவரை அடக்கினார்.

மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை. நதீராவுக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய் ஒரு ஓலை விசிறியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "எனக்கு விசிறப் போறியா மகள்?"

"இல்ல மாமா. புள்ளைக்கு வேர்க்குது. நீங்க விசிறுங்க."

ஊரில் பாதிப் பேரை வேலைக்கு அனுப்பிய காலிதீன் மாமா விசிறியை வாங்கி, பிள்ளை விழித்துவிடாமல் மெல்ல மெல்ல விசிறத் தொடங்கினார்.